லூக்கா நற்செய்தியில் விருந்தோம்பலும் ஈகையும்: குறளோடு ஓர் ஒப்புநோக்கு

கிறித்தவ விருந்தோம்பலைத் திருக்குறளோடு ஒப்பிடும் ஆய்வுகள் பல, கருத்தொற்றுமைகளை அடுக்குவதோடு அமைந்துவிடுகின்றன. கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்னும் வினாவை முன்வைத்தால் லூக்கா நற்செய்தியின் தனித்தன்மை புலப்படும்.

புதிய ஏற்பாட்டில் விருந்தோம்பலைக் குறிக்கும் 'பிலோக்செனியா' என்னும் கிரேக்கச் சொல், அயலார்மீது கொள்ளும் அன்பு எனப் பொருள்படும். அதன் உறுப்பாகிய 'க்செனோஸ்' அயலாரையும் விருந்தினரையும் மட்டுமன்றி விருந்தளிப்பவரையும் சுட்டும். உரோமையர் திருமுகத்தில் (16:23) காயு அவ்வாறே சுட்டப்படுகிறார். தமிழில் 'விருந்து' புதுமையைக் குறித்துப் புதிதாய் வந்தவர்க்கு ஆகிவந்தது. முன்னறியாதவரை ஏற்றல் இரு மொழிகளுக்கும் பொது. விருந்தளிப்பவரையும் ஒரே சொல்லால் சுட்டுதல் கிரேக்கத்திற்கே உரியது.

லூக்கா 'பிலோக்செனியா' என்னும் சொல்லை ஆளவில்லை. எனினும் இவ்விருபாற் பொருளே அவர் கதையமைப்பாகிறது. பரிசேயரான சீமோன் இயேசுவை உணவுக்கு அழைத்தும் கால் கழுவத் தண்ணீர் தரவில்லை. அழையாது வந்த பெண்ணே கண்ணீரால் அக்கடனை ஆற்றுகிறார் (7:36-50). சக்கேயுவின் இல்லத்தில் தங்கவேண்டுமென அறிவிப்பவர் விருந்தினரே (19:1-10). அவரை ஏற்ற பின்னரே சக்கேயு உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கவும், ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தரவும் முன்வருகிறார். இங்கு ஈகை மிகுதியைப் பகிர்தலோடு முடியவில்லை. பறித்ததை மீட்டளிக்கும் நீதியோடு இணைகிறது. எம்மாவுவில் சீடர் இருவர் வழிப்போக்கரை வற்புறுத்தித் தங்கச் செய்கின்றனர். பந்தியில் அப்பத்தைப் பிட்டுக் கொடுப்பவரோ அவ்வழிப்போக்கரே (24:28-31). விருந்தினர் விருந்தளிப்பவராகும் அக்கணத்தில்தான் அவர் இயேசு என்பதை அவர்கள் அறிகின்றனர்.

குறளின் 9ஆம் அதிகாரத்தில் விருந்தோம்பல் இல்வாழ்வானின் கடன். 86ஆம் குறளில் ஓம்புவான் வானவர்க்கு விருந்தாகிறான். ஆயினும் அம்மாற்றம் மறுமைக்குரியது. லூக்காவிலோ அது அதே பந்தியில் நிகழ்கிறது.

இதுகொண்டு லூக்காவை உயர்த்தியுரைத்தல் பொருந்தாது. திரும்ப அழைக்க இயலாத ஏழையரையும் உடல் ஊனமுற்றோரையும் அழைக்கச் சொல்லும் இயேசு, நேர்மையாளர் உயிர்த்தெழும்போது கைம்மாறு கிட்டும் என்கிறார் (14:12-14). மேலுலகம் இல்லையெனினும் ஈதலே நன்று என்னும் 222ஆம் குறள் அவ்வெதிர்பார்ப்பையும் கடந்து நிற்கிறது.

எனவே, பயன் கருதாமையைக் குறள் கூர்மையாக உரைக்க, கொடுப்பவர்தம் மேலிடத்தை லூக்கா கேள்விக்குள்ளாக்குகிறார். அவர் காட்டும் நம்பிக்கை, பிறர்க்கு அளிப்பதில் மட்டுமன்றித் தம் பந்தியிலேயே தாம் பெறுபவராக இசைவதிலும் வெளிப்படுகிறது. ஒற்றுமைகளை மட்டும் தொகுக்கும் ஒப்பாய்வு இரு நூல்களின் இத்தனித்தன்மைகளையும் ஒருசேர இழந்துவிடும்.