மீண்டு வந்தவனும் ஊரும்: ஐரிஷ் புனைவு பற்றி ஒரு நோக்கு

அமெரிக்காவில் தம்மை ஐரிஷ் வழியினர் என்று சொல்லிக்கொள்வோர் மூன்று கோடிக்கும் மேற்பட்டவர். அயர்லாந்துக் குடியரசின் மக்கள் தொகையோ, 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, 51 இலட்சத்தைச் சற்றே கடந்தது. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மடிந்தனர். அதனினும் மிகுதியானோர் கப்பலேறினர். மகனோ மகளோ கப்பலேறுவதற்கு முந்தைய இரவில், இழவு வீட்டில் விழித்திருப்பதுபோல ஊர் கூடி விழித்திருந்து வழியனுப்பும் வழக்கம் அங்கே இருந்தது. 'அமெரிக்கன் வேக்' என்று அதற்குப் பெயர். அவ்வாறு இறந்தவராகவே எண்ணி அனுப்பப்பட்டோரின் வழித்தோன்றல்கள் இன்று திரும்பிச் சென்று குடியேறலாமா என்று எண்ணிப் பார்க்கின்றனர். பாட்டனோ பாட்டியோ அயர்லாந்தில் பிறந்திருப்பின், அயல்நாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பெயரைப் பதிந்து குடியுரிமை பெற அந்நாட்டுச் சட்டம் வழிசெய்கிறது. சட்டத்திற்கு இது எளிய கணக்கு. வந்தவனை ஊர் தன்னவனென ஏற்குமா என்னும் வினாவுக்கு விடை காண நாம் இலக்கியத்தையே நாட வேண்டியிருக்கிறது.

ஜார்ஜ் மூர் 1903இல் வெளியிட்ட 'தி அன்டில்ட் ஃபீல்ட்' என்னும் தொகுப்பில் 'ஹோம் சிக்னஸ்' என்றொரு சிறுகதை உண்டு. நியூயார்க்கின் பௌரிப் பகுதியில் மதுக்கடையொன்றில் பணிபுரியும் ஜேம்ஸ் பிரைடன், உடல்நலம் குன்றவே மருத்துவர் சொற்படி கடற்பயணம் மேற்கொண்டு, பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் விட்டு வந்த சிற்றூருக்குத் திரும்புகிறான். ஏரியும் குன்றும் அவனைத் தேற்றுகின்றன. மார்கரெட் என்னும் பெண்ணை மணக்கவும் இசைகிறான். ஆயினும் ஊரார் ஓயாது வறுமை பேசுவதும், கூடி ஆடியதற்காகப் பாதிரியார் கடிந்துரைக்க அனைவரும் அடங்கி நிற்பதும் அவனுக்குப் பொறுக்கவில்லை. விட்டு வந்த மதுக்கடையின் வாடைக்கு அவன் ஏங்கத் தொடங்குகிறான். பொய் சொல்லிவிட்டுக் கப்பலேறுகிறான். அங்கே மணமுடித்து, மக்களைப் பெற்று, மனைவியையும் இழந்த முதுமையில், அவன் கண்முன் தெளிவாக நிற்பவை அந்த ஏரியும் குன்றுமே. ஊர்நினைவு என்னும் நோய் அவனை இரு கரையிலும் பற்றுகிறது என்பதே தலைப்பின் நுட்பம். மூரும் இவ்வனுபவத்திற்கு அயலார் அல்லர். இலண்டனை விட்டு 1901இல் டப்ளினுக்கு வந்து குடியேறிய அவர், 1911இல் அயர்லாந்தை விட்டே வெளியேறினார்.

இதற்கு நேர்மாறான முடிவைக் காட்டுவது ஜான் ஃபோர்டின் 'தி கொயட் மேன்' என்னும் திரைப்படம் (1952). மாரிஸ் வால்ஷ் 1933இல் எழுதிய சிறுகதையை ஒட்டியது. ஃபோர்டு அமெரிக்காவில் பிறந்தவர். பெற்றோர் அயர்லாந்திலிருந்து சென்றவர். பிட்ஸ்பர்க்கில் வளர்ந்த ஷான் தார்ண்டன் என்னும் குத்துச்சண்டை வீரன், தான் பிறந்த குடிசையை விலைக்கு வாங்க இன்னிஸ்ஃப்ரீ என்னும் ஊருக்கு வருகிறான். அவ்வூரை அவன் அறிந்தது தாய் சொல்லக் கேட்டுத்தான்; அது அவனுக்குச் சொர்க்கத்தின் மறுபெயர். நிலத்தை விற்க வேண்டிய கைம்பெண்ணோ, இது சொர்க்கமன்று என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள்.

இப்படம் வண்ண அஞ்சலட்டை என்று இகழ்வாருமுளர். அவ்விகழ்ச்சியில் நியாயமுண்டு. படம் வெளிவந்த அப்பத்தாண்டில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்நாட்டை விட்டு வெளியேறினர். அவர்களுடைய வறுமையின் நிழல்கூட இப்பசும்புல்லில் விழவில்லை. எனினும் நாம் இப்படத்தை ஒதுக்க மாட்டோம். காரணம், அதன் நடுவே நிற்கும் சீதனப் பூசல்.

ஷான் மணந்த மேரி கேட்டின் சீர்ப்பொருள்கள் வந்து சேர்கின்றன; ரொக்கமாகிய 350 பவுனை அவள் தமையன் தர மறுக்கிறான். பணம் எதற்கு, நீ போதாதா என்கிறான் கணவன். அமெரிக்க முறைப்படி அது பெருந்தன்மை. அவளுக்கோ அது அவமதிப்பு. அவள் கேட்பது மாப்பிள்ளைக்கு விலையாகும் வரதட்சிணையை அன்று. தாய்வழி வந்த தன் உடைமையை, பிறர் வீட்டில் தலைநிமிர்ந்து நிற்பதற்கான உரிமையை. இவ்வேறுபாடு நம் வாசகருக்கு, குறிப்பாகப் பெண்மக்களுக்கு, விளக்காமலே விளங்கும். தன் மனக்குறையைப் பாதிரியாரிடம் சொல்ல வந்தவள், அதை ஆங்கிலத்தில் சொல்லக் கூசி, ஐரிஷ் மொழியில் சொல்லலாமா என்று கேட்டு அம்மொழியிலேயே சொல்கிறாள். பாதிரியாரின் கையிலோ தூண்டில். அவர் கருத்தில் பாதி மீன்மேல். நகைச்சுவைக் காட்சிதான். ஆயினும் ஒரு சமூகம் தன் மானத்தைத் தன் மொழிக்குள் எங்கே வைத்திருக்கிறது என்பதை இத்துணைச் சிறிய காட்சியில் உணர்த்திய படத்தை நாம் வேறு கண்டிலோம். குடிசையை வாங்கிய கணவனுக்கு அவ்விடம் எட்டவில்லை.

இறுதியில் அவன் பணத்தை வாங்கித் தருகிறான்; கணவனும் மனைவியும் அதைக் கதிரடிக்கும் எந்திரத்தின் உலையில் எரித்துவிடுகின்றனர். வேண்டியது பணமன்று என்பது அப்போதே அவனுக்குப் புரிகிறது. அதன்பின் ஊரே திரண்டு பார்க்கத் தமையனோடு அடிதடி. அன்றுதான் அவன் ஊரான் ஆகிறான். திரும்பி வருபவனின் பாசத்தை ஊர் ஒரு பொருட்டாகக் கொள்வதில்லை. தன் வழக்கத்துக்கு அவன் உட்படுகிறானா என்றே பார்க்கிறது. மூரின் பிரைடன் பாதிரியாருக்கு உட்பட மறுத்துப் போய்விட்டான். ஃபோர்டின் ஷான் உட்பட்டான், தங்கினான். அந்த விலை தகுமா என்று ஃபோர்டு கேட்கவில்லை. மனைவியை வயல்வெளியூடே இழுத்து வரும் காட்சியை ஊரார் சிரித்து மகிழ்வதாகக் காட்டும்போது, கேட்டிருக்க வேண்டும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

கோம் டோபீன் அக்கேள்வியை விடவில்லை. அவருடைய 'புரூக்ளின்' (2009) நாவலின் எய்லிஷ், 1950களில் என்னிஸ்கார்த்தியிலிருந்து அமெரிக்கா சென்று, தமக்கை இறந்தபின் ஊர் வந்து, தங்கிவிடலாமோ என்று தடுமாறித் திரும்பியவள். 'லாங் ஐலண்ட்' (2024) நாவலில், 1976இல், தாயின் எண்பதாம் பிறந்தநாளை ஒட்டி அவள் மீண்டும் வருகிறாள். வயது முதிர்ந்த தாய்க்கு வசதியாக இருக்கட்டும் என்று குளிர்பதனப் பெட்டி முதலானவற்றை வாங்கித் தருகிறாள். தாய் நன்றியும் சொல்லவில்லை, சண்டையும் இடவில்லை. வந்த பொருள்கள் வீட்டு நடைவழியிலேயே கிடக்கின்றன. போவோர் வருவோர் அவற்றைச் சுற்றிக்கொண்டு நடக்கின்றனர்.