வாவிக்கரைத் தாளங்களும் ஹவுஸ் இசையும்

மட்டக்களப்பின் ஒலி என்றவுடன் எல்லோரும் பாடும் மீனிடம்தான் போகிறார்கள். 1848இல் குடியேற்ற அரசின் செயலாளராக இங்கு வந்த எமர்சன் டெனன்ட், இரவில் வள்ளத்தில் இருந்தபடி வாவிக்குள்ளிருந்து எழுந்த இசையைக் கேட்டு எழுதிவைத்தார். 1950களில் அமெரிக்க இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் அதை ஒலிப்பதிவு செய்தார். பிறகு அது இலங்கை வானொலியிலும் ஒலித்தது. இன்று மடிக்கணினியில் நடன இசை செய்யத் தொடங்கும் ஓர் இளைஞருக்கும் முதலில் தோன்றுவது அந்த ஓசைக்காகக் கல்லடிப் பாலத்தடியில் ஒலிவாங்கியை இறக்குவதுதான். அதில் தவறில்லை. ஆனால் நடன இசைக்கு முதுகெலும்பு தாளம். தாளத்தில் இந்த வாவியின் இரு கரைகளும், எழுவானும் படுவானும், மீனின் ஓசையைவிடப் பல மடங்கு செல்வம் உள்ளவை. அந்தச் செல்வம் ஹவுஸ் இசைக்குள் இன்னும் உரியபடி வந்து சேரவில்லை.

ஹவுஸ் என்பது சிக்காகோவில் பிறந்தது. அங்கே ‘வேர்ஹவுஸ்’ என்ற நடனக் கூடத்தில் 1977 முதல் பிராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டுகளை இணைத்து இரவு முழுவதும் மக்களை ஆடவைத்தார். வந்தவர்களில் பெரும்பாலோர் வெளியுலகம் ஒதுக்கிவைத்த கறுப்பின, லத்தீன் இளைஞர்கள், ஒருபாலீர்ப்பாளர்கள். 1980களின் நடுவில் ரோலண்ட் நிறுவனத்தின் ட்ரம் மெஷின்கள் மலிவாகக் கிடைக்க, வீட்டு அறைகளிலேயே பாட்டுகள் உருவாகின. அடிப்படை எளிது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 முதல் 130 அடி. ஒவ்வோர் அடியிலும் ‘கிக்’ எனப்படும் கனத்த மேள ஒலி. இரண்டாம் நான்காம் அடிகளில் கைதட்டல். அடிகளுக்கு நடுவே ஹை-ஹாட்டின் ஒலி. இந்த எளிய சட்டத்துக்குள் எதை நிரப்புகிறோம் என்பதில்தான் ஒரு படைப்பாளியின் முகம் தெரியும்.

தெற்காசியா இந்த வரலாற்றுக்குப் புறம்பானதல்ல. மும்பையின் சரண்ஜித் சிங் 1982இல் அதே ரோலண்ட் கருவிகளைக் கொண்டு பத்து இராகங்களை டிஸ்கோ அடியில் வாசித்து இசைத்தட்டாக்கினார். அது 2010இல் மறுவெளியீடு கண்டபோது, 1987இல் வெளிவந்த சிக்காகோவின் ‘ஆசிட் டிராக்ஸ்’ இசைக்கு முன்பே அதே சாயலில் இது வந்திருக்கிறதே என உலகம் வியந்தது. ஈழத்தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மாயா அருள்பிரகாசம் தம் ‘கலா’ தொகுப்பில் (2007) சென்னையில் பதிவுசெய்த உருமி முழக்கத்தை லண்டன் நடனக் கூடங்களுக்குக் கொண்டுபோனார். சுவிட்சர்லாந்தில் வளர்ந்த பிரியா ரகு தம் அண்ணனோடு சேர்ந்து 2021இல் தமிழையும் நடன அடிகளையும் கலந்தார். நான் அறிந்தவரை இவர்கள் எவரும் மட்டக்களப்பின் தாளத்தைத் தொட்டதில்லை. அந்த வேலை இங்குள்ளவர்களுக்காகக் காத்திருக்கிறது.

எங்கே தொடங்கலாம்? என் விடை: கஃப்ரிஞ்ஞா. மட்டக்களப்புப் பறங்கியர் கலியாண வீடுகளில் வயலினும் கித்தாரும் றபானும் கொண்டு ஆடும் இந்த நடனத்தின் தாளம் ஆறெட்டு. போர்த்துக்கேயக் கிரியோல் மொழியை நாலு நூற்றாண்டுகளாகக் காத்துவரும் சிறு சமூகம் இது. நாடெங்கும் ஆடப்படும் பைலாவின் வேரும் இதில் இருக்கிறது. ஹவுஸ் நாலடி, கஃப்ரிஞ்ஞா ஆறெட்டு, இரண்டும் ஒட்டாது என்று நினைக்கத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறெட்டில் இரண்டு ஆவர்த்தனம் பன்னிரண்டு எண்ணிக்கை. அதை மும்மூன்றாகப் பிரித்தால் நான்கு பேரடிகள். ஒவ்வொரு பேரடியிலும் கிக்கை வைத்தால் அது அப்படியே ஹவுஸின் நாலடிதான். மாறுவது ஒன்றே: ட்ரம் மெஷினின் கட்டங்களைப் பதினாறாக வைக்காமல் பன்னிரண்டாக வைக்க வேண்டும். ரோலண்ட் கருவிகளே இதற்கு இடம் தருகின்றன. கால் நாலாக மிதிக்கும், இடுப்பு மூன்றாக அசையும். கஃப்ரிஞ்ஞாவின் துள்ளல் ஹவுஸின் அடியைக் கெடுக்காது, அதை உருட்டி விடும்.

கூத்து அவ்வளவு எளிதில் வளைந்து கொடுக்காது, கொடுக்கவும் கூடாது. வட்டக்களரியில் கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தை இடுப்பில் கட்டி நிற்கிறார், பக்கத்தில் சல்லரி. கூத்தர் வரவு ஆடும்போது வேகத்தைத் தீர்மானிப்பது அவர் கண்ணும் அண்ணாவியார் கண்ணும் சந்திக்கும் கணம். தாளம் ஏறும், இறுகும், திடீரென்று முடியும். கூத்து மரபுகளில் ஒன்றான தென்மோடியின் ஆட்டங்களில் வரும் சிக்கலான முடிவுகளை நிமிடத்துக்கு 124 அடி என்று பூட்டிய கணினிக் கட்டத்துக்குள் வெட்டி ஒட்டினால் மிஞ்சுவது மத்தளத்தின் ஓசை மட்டுமே, ஆட்டம் போய்விடும். மறுவழி இருக்கிறது. அண்ணாவியார் வாசித்ததை முழுமையாகப் பதிவுசெய்து, கணினியின் வேகக் கோட்டை அவர் கைக்கேற்ப வளைத்து, கிக்கை அவருக்குப் பின்னால் நடக்கவிடலாம். கூத்தரைப் பார்த்து மத்தளம் வாசிப்பவரும் ஆடுபவர்களைப் பார்த்து இசையை ஏற்றி இறக்கும் டீஜேயும் செய்வது ஒரே வேலை என்பதால் இந்த வழி இயல்பாகவே பொருந்தும்.

விடிய விடிய நடந்த கூத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்கு ஏற்றவாறு சுருக்கி ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ ஆகியவற்றைத் தயாரித்தார். சுருக்கியதில் இழந்தது என்ன, பெற்றது என்ன என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. கூத்தை ஏழு நிமிடத் தடமாக்க விரும்புபவர் அந்த விவாதத்தை, குறிப்பாகப் பேராசிரியர் சி. மௌனகுருவின் மட்டக்களப்பு மரபுவழி நாடக ஆய்வை, முதலில் வாசிக்க வேண்டும்.

காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத்து முஸ்லிம்களின் பக்கீர் பைத்துப் பாட்டின் றபானும் பொல்லடி ஆட்டத்தின் கோல் ஒலியும் தனிக் கட்டுரைக்கு உரியவை. இங்கே ஒன்று மட்டும். ஹவுஸில் கைதட்டல் விழும் இடத்தில் பொல்லடியின் கோல் விழுந்தால் போதும், பாட்டின் ஊர் தெரிந்துவிடும்.

பறையைப் பற்றிச் சொல்லும்போது நிதானம் வேண்டும். பறைமேளக் கூத்து இந்தப் பிரதேசத்தின் பெருமிதம். அதை அடித்தவர்களோ சாதியின் பெயரால் அவமதிக்கப்பட்டவர்கள்; அதனாலேயே பிள்ளைகள் பலர் அந்தக் கருவியைக் கையில் எடுக்கத் தயங்கினார்கள். அவர்களுடைய அடியை நான்கு விநாடி வெட்டி எடுத்து, பெயர் போடாமல், பணம் கொடுக்காமல் பாட்டாக்குவது பழைய அவமதிப்பின் புதிய வடிவம். இதில் எனக்குச் சமரசம் இல்லை. கலாநிதி சி. ஜெயசங்கரும் ‘மூன்றாவது கண்’ குழுவினரும் மட்டக்களப்பின் சீலாமுனைக் கிராமத்தில் செய்த கூத்து மீளுருவாக்கம் நல்ல முன்னுதாரணம். மாற்றங்களைப் பற்றிக் கூத்தாடும் சமூகமே பேசி முடிவெடுத்தது, வெளியாள் திணிக்கவில்லை.

லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஊகோ கார்டோசோ குழுவினர் பறங்கியரின் மொழியையும் பாட்டையும் பதிந்து அழிந்துவரும் மொழிகளுக்கான ‘எலார்’ இணையக் காப்பகத்தில் சேர்த்திருக்கிறார்கள். மத்தளத்துக்கும் பறைக்கும் உடுக்குக்கும் றபானுக்கும் அப்படியொரு சேகரம் வேண்டும்: ஒவ்வொரு கருவியும் தனித்தனி ஒலிவாங்கியில், வாசித்தவர் பெயரோடும் சம்மதத்தோடும். கல்லடியில் இருக்கும் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் மாணவர்கள் இருக்கிறார்கள், கருவிகளும் இருக்கின்றன. அண்ணாவிமார் வாவியைத் தாண்டினால் கிடைப்பார்கள். நிறுவகம் இந்தப் பணியை முன்னெடுக்க வேண்டும். இளம் இசையமைப்பாளர்கள் அதுவரை காத்திருக்காமல், தத்தம் ஊர் அண்ணாவியாரிடம் நேரில் போய்க் கேட்டுப் பதிவைத் தொடங்கட்டும்.