ஒரே நாளில் மாத்தளை: வழிகாட்டிச் சுற்றுலாவின் நிறையும் குறையும்

கண்டியில் காலையில் வான் ஏறி, சீகிரியாவும் தம்புள்ளையும் பார்த்து, நடுவில் ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில் இறங்கி, இருட்டும் வேளையில் திரும்பிவிடுவது மாத்தளை மாவட்டத்தில் நிலைபெற்றுவிட்ட சுற்றுலா முறை. பிராக், புளோரன்ஸ் போன்ற ஐரோப்பியப் பழைய நகரங்களில் வழிகாட்டியின் பின்னால் நடந்தே ஒரு நாளில் முக்கியமானவற்றைப் பார்த்துவிடலாம். கண்டியிலிருந்து சீகிரியாவோ ஏறத்தாழ 90 கிலோமீற்றர். போக வர நான்கைந்து மணி நேரம் வீதியிலேயே கழிந்துவிடும். மிஞ்சிய நேரத்தை எதை வைத்துப் பங்கிடுகிறார்கள் என்று பார்த்தால் இந்த முறையின் தரம் தெரிந்துவிடும்.

நல்ல வழிகாட்டியின் பயன் சீகிரியாவின் அடிவாரத்திலேயே தெரியத் தொடங்குகிறது. 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் காசியப்பன் எழுப்பிய இந்த வளாகத்துக்கு வருகிறவரின் கண் நேரே குன்றின் மேல்தான் போகும். வழியோரத்தில், தரையோடு தரையாக, துளையிட்ட வட்டக் கல்பலகைகள் கிடக்கும். அவை நீரூற்றுகளின் வாய்கள். உயரத்திலுள்ள நீர்நிலையிலிருந்து நிலத்தடிக் கால்வாய் வழியே இறங்கும் நீர், தன் அழுத்தத்தாலேயே அத்துளைகளில் பீறிடும். மழைக்காலத்தில் இன்றும் அவ்வாறு பீறிடுவதுண்டு. சொல்லித்தர ஆளில்லாவிட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர் அவற்றைத் தாண்டிப் போய்விடுவார்கள். உச்சிக்குச் செல்லும் படிக்கட்டின் இருபுறமும் இருக்கும் சிங்கப் பாதங்களும் அப்படித்தான். மேலே ஒரு காலத்தில் செங்கல்லாலான சிங்க உடலும் தலையும் இருந்தன, ஏறுகிறவர் அதன் வாய்க்குள் புகுந்தே போனார் என்று கேட்ட பிறகுதான் அந்த நகங்களின் அளவு விளங்கும்.

ஆனால் அதே வழிகாட்டி மன்னனின் கதைக்கு வரும்போது சுருதி மாறிவிடுகிறது. தந்தை தாதுசேனனைக் கொன்றவன், தென்னிந்தியாவுக்குத் தப்பியோடிய தம்பி முகலானுக்கு அஞ்சிக் குன்றின்மேல் ஒளிந்தவன், குன்றின் ஓவியங்களில் இருப்பவர்கள் அவனுடைய அந்தப்புரப் பெண்கள் என்று கதை நாடகமாய் ஓடும். அரசியல் பகுதிக்கு ஆதாரம் பிற்காலத்தில் பிக்குகள் எழுதிய வரலாற்று நூல். ஓவியப் பெண்கள் யார் என்பதோ இன்னும் தீராத விவாதம். காசியப்பன் தன்னைக் குபேரனாகக் காட்டிக்கொள்ள அளகாபுரியைப் படைத்தான் என்பது தொல்லியலாளர் செனரத் பரணவிதானவின் கருத்து. சீகிரியா அரண்மனையே அல்ல, பௌத்த மடம் என்றார் தொல்லியல் ஆணையாளராக இருந்த ராஜா டி சில்வா. இந்த மறுப்புகளைச் சொன்னால் கதையின் ருசி போய்விடும் என்று நினைக்கிறார்கள் போலும். சீகிரியாவின் ‘கண்ணாடிச் சுவர்’ எனப்படும் சுவரில் பழங்காலப் பார்வையாளர்கள் கீறிவிட்டுப்போன கவிதைகளில் 685ஐப் பரணவிதான 1956இல் பதிப்பித்தார். பெரும்பாலும் 8 முதல் 10ஆம் நூற்றாண்டு வரையிலான அவை, ஓவியங்களைக் கண்டவர்கள் தாமே எழுதிய சொற்கள். சுற்றுலாவில் அவற்றுக்குக் கிடைப்பது, பின்னால் வருகிறவர்கள் நெருக்கித் தள்ளும் இடைவெளியில் ஒரு வாக்கியம்.

தம்புள்ளையில் பிழை வேறு வகை. ஐந்து குகைகளையும் கிறிஸ்துவுக்கு முந்திய வலகம்பா மன்னன் காலத்தோடு இணைத்து, ‘இரண்டாயிரம் ஆண்டு ஓவியம்’ என்று ஒரே அடியாய்ச் சொல்லிவிடுவார்கள். குகைக் கோயில் அவ்வளவு பழையதுதான். கண்முன் தெரியும் ஓவியங்களில் பெரும்பகுதியோ 18ஆம் நூற்றாண்டில் கண்டிப் பாணியில் புதிதாகத் தீட்டப்பட்டது. அதைச் செய்வித்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் தென்னிந்திய நாயக்கர் வழியில் வந்தவன். மூன்றாம் குகையில் அவன் சிலையும் நிற்கிறது. நாயக்க வம்சத்து அரசன் ஒருவன் சிங்கள பௌத்தக் கலையைப் புதுப்பித்த செய்தி, அந்தப் பொதுப்படையான சொல்லுக்குள் காணாமல் போகிறது.

வாசனைத் திரவியத் தோட்டத்துக்கு மட்டும் நேரப் பஞ்சம் வருவதில்லை. ஏ9 வீதியோரத்தில் வரிசையாய் இருக்கும் இவற்றில் நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் கிடையாது. மரத்தில் படர்ந்த மிளகுக் கொடி, உரித்த கறுவாப் பட்டை, கொக்கோக் காய் எல்லாம் காட்டி, ஒரு கோப்பை மூலிகைப் பானம் தந்து, தோளில் எண்ணெய் தேய்த்து, கடைசியில் கடைக்குள் கொண்டுபோய் விடுவார்கள். அங்கே விலை மாத்தளைச் சந்தை விலையைப் பார்த்ததே இல்லை. விற்பனையில் வழிகாட்டிக்கும் சாரதிக்கும் கொமிஷன் உண்டு என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்தது. இதனால் தோட்டமே ஏமாற்று என்று தள்ளிவிட முடியாது. மாத்தளை உண்மையிலேயே வாசனைப் பயிர் மண். ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையம் இருப்பதும் இங்கேதான். குறை என்னவென்றால், கொமிஷன் தரும் இடத்துக்கு ஒரு மணி நேரமும் தராத இடத்துக்குப் பத்து நிமிடமும் என்று நாள் பங்கிடப்படுவதுதான்.

கொமிஷன் தராத இடங்களில் முதலாவது நாலந்த கெடிகே. பல்லவர் கட்டடக் கலையின் சாயலில் எழுந்த கல் கோயில்; வழிபாட்டிலோ பௌத்தத் தலம். போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது கல் கல்லாய்ப் பிரித்து மேட்டில் திரும்ப அடுக்கப்பட்டது. பிரதான வீதியிலிருந்து சற்றே உள்ளேதான் என்றாலும் பெரும்பாலான வான்கள் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. பௌத்த மறைநூலான திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டதாகப் போற்றப்படும் அலுவிகாரைக்கும், வழியில் இருந்துவிட்டதால் மட்டும், சில நிமிடங்கள் கிடைக்கும்.

மாத்தளை நகரில் முத்துமாரியம்மன் கோயிலின் 108 அடி இராஜகோபுரத்தைப் படம் எடுக்க வான் நிற்பதுண்டு. கோயில் ஏன் அங்கே எழுந்தது என்ற பேச்சு அரிது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தனர். வாந்திபேதியிலும் பசியிலும் வழியிலேயே பலர் மடிந்தனர். தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் இடையே வான் ஓடுவது ஏறக்குறைய அவர்கள் நடந்த தடத்தில். 1983 கலவரத்தில் இந்தக் கோயிலும் தாக்கப்பட்டது. ஐந்து தேர் ஓடும் மாசிமகம் இன்றும் அந்த மக்களின் சந்ததிகளுடையது. மன்னர்களுக்கும் பிக்குகளுக்கும் இடமுள்ள விளக்கத்தில் இவர்களுக்கு இடமில்லை.

இதற்கெல்லாம் வழிகாட்டியை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை உரிமம் வழங்கித் தகுதியை ஒழுங்குபடுத்துகிறது; ஆனால் கொமிஷன் இல்லாமல் கட்டுப்படியாகும் நாட்கூலியை உரிமம் பெற்றுத்தராது. மலிவான சுற்றுலா என்று பேரம் பேசிக் குறைத்த தொகையைப் பயணி மருந்தெண்ணெய்ப் போத்தலின் விலையில் திரும்பக் கட்டுகிறார். கூலியை முழுதாகக் கொடுத்து, தோட்டம் வேண்டாம் என்று புறப்படும்போதே சொல்லிவிடுகிறவருக்கு நாலந்தவுக்கு ஒரு மணி நேரம் தாராளமாகக் கிடைக்கும். சீகிரியா, தம்புள்ளை இரண்டும் நின்று பார்க்க வேண்டுமென்றால் தம்புள்ளையில் ஓரிரவு தங்க வேண்டும். அன்றே திரும்பியாக வேண்டியவர் இரண்டில் ஒன்றை விட்டுவிடுவது நல்லது.