கலைக்கூடங்களின் கரிமக் கணக்கு

இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், லண்டன் நேஷனல் கேலரியின் ஓவியங்கள் வடக்கு வேல்ஸில் உள்ள மனோட் கற்சுரங்கத்தில் கொண்டுபோய் வைக்கப்பட்டன. மலையின் வயிற்றுக்குள் செங்கல் அறைகள் கட்டி, காற்றை 17 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கியதும் ஈரப்பதம் 42 சதவீதத்தில் நிலைத்தது. மரப்பலகையில் தீட்டிய ஓவியங்களுக்கு ஒரு தீராத தொல்லை உண்டு. காற்றில் ஈரம் ஏறினால் பலகை உப்பும், குறைந்தால் சுருங்கும். மேலே காய்ந்து இறுகிய வண்ணம் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் செதில் செதிலாக எழும்பும். அதைச் செப்பனிட லண்டனில் ஓயாது நடந்த வேலை சுரங்கத்தில் வெகுவாகக் குறைந்துபோனது.

போருக்குப் பின் அருங்காட்சியகங்களுக்குள் குளிர்சாதனம் நுழைய இந்த அனுபவமும் ஒரு காரணம். ஆனால், 'சீராக இருக்கட்டும்' என்ற பாடம் நாளடைவில் ஓர் எண்ணாகச் சுருங்கியது: 50 சதவீத ஈரப்பதம், ஐந்து கூடலாம், ஐந்து குறையலாம். ஓவியத்தை இரவல் தரும்போது அதுவே நிபந்தனையானது. ஆளில்லாத இரவிலும் இயந்திரம் ஓடியது. சென்னை போன்ற கடலோர ஊர்களில் அந்த எண்ணை எட்டிப் பிடிக்க எவ்வளவு மின்சாரம் செலவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. உலகின் பெரிய அருங்காட்சியக இயக்குநர்கள் கூடும் பிசோ குழு 2015இல் இதைத் தளர்த்தியது: 16 முதல் 25 டிகிரி வரை வெப்பம், 40 முதல் 60 சதவீதம் வரை ஈரப்பதம், ஒரு நாளில் ஈரப்பதம் பத்து சதவீதத்துக்கு மேல் ஏறி இறங்கக் கூடாது. மனோட் சுரங்கத்தின் 42 சதவீதம் பழைய விதியில் தோற்றிருக்கும். புதிய விதியில் தேறிவிடும். கலைத்துறை தன் கரிமத்தைக் குறைக்க வேண்டுமானால், பழக்கமாகிப்போன விதிகளை மறுபடி சோதித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

இரண்டாவது வேலை, எண்ணிப் பார்ப்பது. ஆலிசன் டிக்கெல் 2007இல் லண்டனில் தொடங்கிய 'ஜூலீஸ் பைசிக்கிள்' என்ற தொண்டு அமைப்பு, பிரிட்டிஷ் இசைத்துறை வெளியிடும் கரிமத்தைக் கணக்கிடச் செய்தது. அடுத்த ஆண்டு வந்த முடிவு பலரைத் திகைக்க வைத்தது. மேடை விளக்கும் ஒலிபெருக்கியும் பெரிய குற்றவாளிகள் இல்லை. ரசிகர்கள் வந்துபோகும் பயணமே 43 சதவீதம். 2012இல் ஆர்ட்ஸ் கவுன்சில் இங்கிலாந்து ஒரு படி மேலே போனது. தன்னிடம் தொடர் நிதி பெறும் பெரிய நிறுவனங்கள் மின்சாரம், தண்ணீர்க் கணக்கு காட்ட வேண்டும், சுற்றுச்சூழல் கொள்கையும் செயல்திட்டமும் வகுக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. கலைக்கு நிதி தரும் அமைப்பு ஒன்று இப்படிக் கேட்டது உலகில் அதுவே முதல் முறை. அதுவரை ஆர்வலர் ஒருவரின் தனிப்பட்ட அக்கறையாக இருந்தது, நிர்வாகக் குழுவின் பொறுப்பானது.

நாடக அரங்கில் பிரச்சினை வேறு. கடைசிக் காட்சி முடிந்த இரவில் மேடைக்குப் பின்னால் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். திரை விழுந்த கையோடு சுத்தியலும் கடப்பாரையும் வரும். வாரக்கணக்கில் தச்சர்கள் இழைத்துச் செய்த மாளிகை, விடிவதற்குள் குப்பை வண்டியில் ஏறிவிடும். 2021இல் வெளிவந்த 'தியேட்டர் கிரீன் புக்' என்ற வழிகாட்டி இதற்கு ஓர் அளவுகோல் வைத்தது. அதன் அடிப்படைத் தரத்தின்படி, ஒரு தயாரிப்பின் பொருள்களில் பாதி ஏற்கெனவே எங்கோ பயன்பட்டவையாக இருக்க வேண்டும். 65 சதவீதம் நாடகம் முடிந்த பின்னும் வேறொன்றுக்குப் பயன்பட வேண்டும். ஆணி அடிப்பதா, திருகாணி போடுவதா என்பதுகூட இங்கே சுற்றுச்சூழல் முடிவு. திருகாணியைக் கழற்றினால் பலகை பலகையாகவே மிஞ்சும்.

பயணக் கணக்கில் கைவைத்தவர்கள் குறைவு. மாசிவ் அட்டாக் இசைக்குழு, மான்செஸ்டரின் டிண்டால் ஆய்வு மையத்திடம் இசை நிகழ்ச்சிகளின் கரிமத்தைக் குறைக்க வழிகாட்டி அறிக்கை கேட்டு வாங்கியது. 2024 ஆகஸ்டில் தன் சொந்த ஊரான பிரிஸ்டலில் அதைச் செய்துகாட்டியது. மேடைக்கு மின்கல மின்சாரம், தாவர உணவு, உள்ளூர்க்காரர்களுக்கு முதலில் டிக்கெட், இரவு வீடு திரும்பக் கூடுதல் ரயில்கள். அந்தக் கடைசி ஏற்பாடுதான் என்னை மிகவும் கவர்ந்தது. ரசிகரைக் குற்றம் சொல்லாமல் அவருக்கு வழி செய்து கொடுத்தார்கள்.

இத்தகைய சுற்றுச்சூழல் திட்டங்களில் எழுதப்படாத ஒரு வரி இருக்கிறது: பணம் எங்கிருந்து வருகிறது? எண்ணெய் நிறுவனமான பிபியுடன் 26 ஆண்டுகள் நீடித்த உறவை டேட் கலைக்கூடம் 2017இல் முடித்துக்கொண்டது. பிரிட்டிஷ் அருங்காட்சியகமோ 2023 டிசம்பரில் அதே நிறுவனத்திடம் பத்தாண்டுகளுக்கு 5 கோடி பவுண்டு பெற ஒப்புக்கொண்டது. விளக்குகளை எல்இடியாக மாற்றிவிட்டு, அந்தச் செலவை எண்ணெய்க் காசில் ஈடுகட்டுவது முழுமையான திட்டம் ஆகாது.

நம் ஊரில் சபாவோ நூலகமோ நாடகக் குழுவோ நடத்துகிறவர்கள் பிரிட்டனின் படிவங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். கடந்த ஓராண்டின் மின்கட்டண ரசீதுகளை எடுத்து மேசைமேல் வரிசையாகப் பரப்புங்கள். அடுத்த நிகழ்ச்சிக்கு வருகிறவர்களிடம் எதில் வந்தீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். திட்டத்தின் முதல் பக்கம் அதுதான்.