விலையில்லா மடிக்கணினி: தாமதமான ஒரு மதிப்புரை

போன மாசம் கும்மிடிப்பூண்டியிலிருந்து அக்கா மகள் ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். 2012இல் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்தது. "மாமா, வைஃபை வருது, ஆனா எந்தப் பேஜும் தொறக்க மாட்டேங்குது. இத வச்சுதான் டியூஷன் பசங்களுக்குக் கொஸ்டின் பேப்பர் அடிக்கிறேன். பிரிண்டர் வேற மாமனார் கம்ப்யூட்டர்ல இருக்கு. தூக்கிப் போடச் சொல்லிடாதீங்க."

சொல்லவில்லை. பதிலாக, இத்தனை வருடம் கழித்து இந்தப் பெட்டிக்கு ஒரு மதிப்புரை எழுதலாம் என்று தோன்றியது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில், எங்கள் திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில்தான் ஜெயலலிதா இந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அதன் பிறகு கொடுத்தவை மொத்தம் ஐம்பது லட்சத்துக்கு மேல். அப்போது வந்த விமர்சனமெல்லாம் "இலவசம் தேவையா", "வித்துடுவாங்க" என்ற அளவிலேயே நின்றது. பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்து எழுதியவர்கள் குறைவு.

முதலில் வன்பொருள். குறை சொல்ல மாட்டேன். 14 அங்குலத் திரை, 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். கீபோர்டில் இரண்டு எழுத்து தேய்ந்திருக்கிறது, பேட்டரி செத்துவிட்டது, அவ்வளவுதான். பேஜ் திறக்காததற்குப் பாதிக் காரணம் ஒரு பட்டன் செல். அது தீர்ந்துபோய், ஒவ்வொரு முறை மின்சாரம் போகும்போதும் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடுகிறது. இணையதளத்தின் சான்றிதழைத் தேதி வைத்துத்தான் பிரவுசர் சரிபார்க்கும். தேதி தப்பென்றால் எல்லாத் தளமும் போலியாகத் தெரியும். வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் விண்டோஸ் 7 தானாகவும் திருத்திக்கொள்ளாது. மீதிப் பாதி, பழைய குரோம். விண்டோஸ் 7க்கு வந்த கடைசி குரோம் 2023 ஜனவரியின் 109ஆம் பதிப்பு. இவளிடம் இருந்தது அதற்கும் முந்தையது.

என் குறையெல்லாம் மென்பொருள் மேல்தான். இதில் இருந்தது விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். அந்தப் பதிப்பில் வால்பேப்பரைக்கூட மாற்ற முடியாது. அது சில்லறை விஷயம். ஸ்டார்ட்டர் 32 பிட்டில் மட்டுமே வரும், 2 ஜிபிக்கு மேல் ராமைத் தொடாது. ரிச்சி தெருவில் 4 ஜிபி வாங்கி மாட்டிவிட்டு "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று புலம்பியவர்களை எனக்குத் தெரியும். பாவம் கடைக்காரர். செயலி 64 பிட் தாங்கும். கை கட்டியிருந்தது ஓஎஸ்.

பூட் மெனுவில் இரண்டாவது வரியாக பாஸ் லினக்ஸ் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கியது, டெபியனை அடித்தளமாகக் கொண்டது. பெட்டியில் இருந்ததிலேயே நல்ல பொருள் அதுதான் என்பேன். ஆனால் அதைப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்ய ஆள் இல்லை. "அது என்னன்னே தெரியாது மாமா, தப்பா அமுக்கிட்டா திரும்ப ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவோம்" என்றாள்.

அந்தக் காலத்தில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் அரசுப் பணத்தில் விண்டோஸ் எதற்கு என்று கேட்டார்கள். நானும் அந்தப் பக்கம்தான் பேசினேன். இப்போது பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்றைக் கோட்டை விட்டிருக்கிறோம். எந்த ஓஎஸ் என்பதைவிட, நாலு வருடம் கழித்து அதை யார், எப்படிப் புதுப்பிப்பார்கள் என்பதே பெரிய கேள்வி. புதுப்பிக்க இணையம் வேண்டும். பெட்டியோடு இணையம் வரவில்லை.

இதில் ஒரு தேதிக் கணக்கு என்னை உறுத்துகிறது. விண்டோஸ் 10க்கு இலவசமாக மாறலாம் என்ற அறிவிப்பு 2015 ஜூலை 29 முதல் ஒரு வருடம் இருந்தது. ஸ்டார்ட்டரும் அதில் அடக்கம். அந்த இறக்கம் சில ஜிபி பிடிக்கும். அப்போது ஒரு ஜிபி டேட்டாவுக்கு இருநூறு ரூபாய்க்கு மேல். டாங்கிளில் ரீசார்ஜ் போட்டு யார் இறக்குவார்கள்? சலுகை 2016 ஜூலை 29இல் முடிந்தது. ஜியோ வந்தது செப்டம்பர் 5. நடுவில் முப்பத்தெட்டு நாள். (அறிவிக்காமல் பின்கதவு வழியாக அந்த மாற்றம் 2023 வரை நடந்தது. அதெல்லாம் எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும்.) 2020 ஜனவரி 14இல் விண்டோஸ் 7க்கு ஆதரவும் நின்றது. பிறகு இந்தப் பெட்டிகள் பூட்டில்லாத வீடு மாதிரிதான்.

சரி, என்ன செய்தேன்? ஃபைல்களை எல்லாம் வெளியே எடுத்து வைத்தேன். பட்டன் செல் மாற்றினேன், 4 ஜிபி ராம், ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டேன். டெபியன் 12, 64 பிட், எக்ஸ்எஃப்சிஇ திரை. பழசு 32 பிட்தானே என்று அதையே தேடாதீர்கள். டெபியன் 13இல் 32 பிட் பிசிக்கான இன்ஸ்டாலரே கிடையாது. டெபியன் 12 முதல் வைஃபை ஃபர்ம்வேர் இன்ஸ்டாலரிலேயே சேர்ந்து வருவதால் பழைய தலைவலி ஒன்று குறைந்தது.

நெட்வொர்க்தான் ஒரு சாயங்காலத்தைத் தின்றது. மாமனாரின் டெஸ்க்டாப் விண்டோஸ் 11. பழைய ஹோம்குரூப் முறை 2018லேயே நீக்கப்பட்டுவிட்டது. (ஸ்டார்ட்டரால் ஹோம்குரூப்பில் சேர மட்டுமே முடியும், தொடங்க முடியாது. அங்கேயும் இரண்டாம் தரக் குடிமகன்.) யூடியூபில் தேடினால் பாதிப் பேர் "எஸ்எம்பி 1ஐ டிக் பண்ணுங்க, பாஸ்வேர்ட் ஷேரிங்கை ஆஃப் பண்ணுங்க" என்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். 2017 மே மாதம் வானாகிரை உலகம் முழுக்கப் பரவியது அந்த எஸ்எம்பி 1 ஓட்டை வழியாகத்தான், மாட்டியதில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 பெட்டிகள். நான் டெஸ்க்டாப்பில் அவளுக்குத் தனியாக ஒரு பயனர் கணக்கு, அதற்கு பாஸ்வேர்ட், பிரிண்டர் ஷேர் என்று வைத்தேன். ரவுட்டரில் டெஸ்க்டாப்புக்கு ஒரே ஐபி முகவரி நிலையாகக் கிடைக்கும்படி செய்தேன். இல்லையென்றால் ரவுட்டர் ஆஃப் ஆகி வந்தால் முகவரி மாறி, பிரிண்டர் காணாமல் போகும். ரவுட்டரின் வைஃபை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தது. பழைய வைஃபை கார்டு அதை அறியாது, டபிள்யூபிஏ2வும் சேர்ந்த கலவைக்கு மாற்ற வேண்டியிருந்தது. ராத்திரி ஒன்பதரைக்கு முதல் பக்கம் வந்தது.

2025 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு வருடத்தில் 20 லட்சம் கணினி என்று அறிவித்தார்கள். பெட்டியின் உள்ளே என்ன இருக்கிறது என்று இந்த முறையும் பலரும் பேசுகிறார்கள். நான் கேட்பது வேறு. நாலாம் வருடம் ஓஎஸ் மாற்ற வேண்டி வந்தால் அந்தப் பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போகும்? அதற்குத் தாலுகாவுக்கு ஓர் ஆள், ஒரு பென் டிரைவ், மாசத்தில் ஒரு சனிக்கிழமை போதும். இங்கே ஐடிஐ, பாலிடெக்னிக் என்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டை நம்பிப் படிக்கிற பிள்ளைகளே இதைச் செய்துவிடுவார்கள், நாங்கள் கற்றுக்கொடுத்தால்.

அக்கா மகளிடம் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. பழைய கேள்வித்தாள்கள் யூனிகோடு இல்லாத ஃபான்ட்டில் அடித்தவை. திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிகிறது. நூற்றுச் சொச்சம் ஃபைல். மாற்ற ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருக்கிறேன். "ஒ"வும் கொம்பும் வருகிற இடத்தில் இன்னும் சொதப்புகிறது.