பி-பிளாட் மைனர் பியானோ சொனாட்டா (ஷோப்பன்)

பி-பிளாட் மைனர் பியானோ சொனாட்டா (படைப்பு எண் 35), போலந்தில் பிறந்து பாரிசில் வாழ்ந்த பிரெடெரிக் ஷோப்பன் எழுதிய மூன்று பியானோ சொனாட்டாக்களில் இரண்டாவது ஆகும். இதன் மூன்றாம் பகுதியான இறுதி ஊர்வல இசை, மற்றப் பகுதிகளுக்கு முன்பே தனியாக எழுதப்பட்டது. 1839 கோடையில் பிரான்சின் நோஆன் கிராமத்தில் தங்கியிருந்தபோது ஷோப்பன் சொனாட்டாவை நிறைவு செய்தார். 1840-இல் அது அச்சாயிற்று.

1841-இல் இதற்கு மதிப்புரை எழுதிய ராபர்ட் ஷூமன், நான்கு பகுதிகளும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்று கருதினார். இறுதிப் பகுதியை இசை என்று ஏற்கவே அவர் தயங்கினார். இது ஒரே படைப்பா, நான்கு தனிப் படைப்புகளின் தொகுப்பா என்ற கேள்வி அன்று முதல் இதைத் தொடர்ந்து வருகிறது.

அமைப்பு

முதற்பகுதி நான்கு பார் நீளமுள்ள கனமான முன்னுரையுடன் தொடங்குகிறது. பின்னர் வேகம் இரட்டிப்பாகி, மூச்சு வாங்குவது போன்ற துண்டு துண்டான முதல் மெட்டு வருகிறது. அதற்கு எதிராக, டி-பிளாட் மேஜரில் அமைதியான இரண்டாம் மெட்டு ஒலிக்கிறது. நடுக்கட்டத்தில் முன்னுரையின் ஸ்வரங்கள் தாழ்ந்த ஒலியில் திரும்பி வந்து, முதல் மெட்டோடு மோதுகின்றன. மரபுப்படி அதன்பின் முதல் மெட்டு மீள வேண்டும். ஷோப்பன் அதை விட்டுவிட்டு, இரண்டாம் மெட்டிலிருந்தே மீள்கட்டத்தைத் தொடங்குகிறார். நடுக்கட்டம் முழுவதும் முதல் மெட்டே அலைக்கழிக்கப்பட்டுவிட்டதால், அதை மீண்டும் கேட்க வேண்டிய தேவை இல்லை.

இரண்டாம் பகுதி ஈ-பிளாட் மைனரில் அமைந்த முரட்டு ஸ்கெர்ட்ஸோ. அதன் நடுவே ஜி-பிளாட் மேஜரில் தாலாட்டுப் போன்ற ஒரு பாட்டு வருகிறது. மூன்றாம் பகுதியான ஊர்வலத்தில் இடது கை இரண்டே ஒலிக்கட்டுகளை மாறி மாறி அடிக்கிறது. நடுவில் டி-பிளாட் மேஜரில் எளிய மெட்டு ஒன்று விரிகிறது. நான்காம் பகுதி 75 பார்களே கொண்டது; ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். இரு கைகளும் எட்டு ஸ்வர இடைவெளியில் ஒரே ஸ்வரங்களைத் தாழ்ந்த குரலில் விரைவாக வாசிக்கின்றன. கடைசிப் பாரில் மட்டும் ஒலிக்கட்டு ஒன்று உரத்து விழுகிறது.

ஒருமை பற்றிய கேள்வி

முதல் மூன்று பகுதிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு பொதுத் திட்டம் தெரிகிறது. ஒவ்வொன்றிலும் மைனரில் கலக்கம். அதனுள்ளே அதன் இணை மேஜரில் ஒரு பாட்டு. இணை மேஜர் என்பது அதே ஸ்வரங்களைக் கொண்டு ஆதார ஸ்வரத்தை மட்டும் மாற்றினால் கிடைப்பது. ஆறுதல் வெளியிலிருந்து வரவில்லை, துயரத்தின் ஸ்வரங்களிலிருந்தே பிறக்கிறது. ஆனால் அதன் வலிமை நிலைப்பதில்லை. முதற்பகுதி மேஜரிலேயே முடிகிறது. ஸ்கெர்ட்ஸோவின் இறுதியிலும் அந்தப் பாட்டு நினைவுபோல வந்து போகிறது. ஊர்வலத்திலோ மெட்டு முடிந்ததும் அதே அடிகள் திரும்பி வந்து எல்லாவற்றையும் மூடிவிடுகின்றன.

நான்காம் பகுதியில் டி-பிளாட் மேஜர் கணநேரம் தொட்டுச் செல்கிறது; பாட்டாக வளர்வதில்லை. மூன்று முறை கேட்டுப் பழகிய செவி நான்காம் முறையும் அதை எதிர்பார்க்கிறது, கிடைக்காமல் போகிறது. ஷூமனுக்கு இசையின்மையாகத் தோன்றியது இந்த இழப்பே. அந்தப் பகுதியைத் தனியே வாசித்தால் அது விந்தையான பயிற்சி போலக் கேட்கும். மூன்று பகுதிகளுக்குப் பின் வாசித்தால் மட்டுமே பொருள் தரும். ஒட்டவில்லை என்று சொல்லப்பட்ட பகுதியே மற்றவற்றை மிகவும் சார்ந்திருக்கிறது.

வாசிப்பு

முதற்பகுதியின் தொடக்கக் கட்டத்தைத் திரும்ப வாசிக்கும்போது முன்னுரையையும் சேர்க்க வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பியானோ கலைஞரும் ஆய்வாளருமான சார்லஸ் ரோசன் சேர்க்க வேண்டும் என்றார். நடுக்கட்டத்தில் முன்னுரை மீண்டும் தலைகாட்டுவதால் அவர் கருத்தே பொருத்தமாகத் தோன்றுகிறது.

ராச்மனினோவ் 1930-இல் செய்த ஒலிப்பதிவில், ஊர்வலம் திரும்பும்போது உரத்துத் தொடங்கிப் படிப்படியாகத் தேய்கிறது. அச்சுப் பிரதியில் இப்படி இல்லை. கேட்க உருக்கமானதுதான். ஆனால் அது ஊர்வலத்தைக் கண்ணெதிரே கடந்துபோகும் காட்சியாக்கிவிடுகிறது. மாறாமல் திரும்பும் அடிகளில்தான் ஷோப்பனின் கடுமை இருக்கிறது.

1849 அக்டோபர் 30 அன்று ஷோப்பனின் இறுதிச் சடங்கில் இந்த ஊர்வல இசை வாசிக்கப்பட்டது. இன்றுவரை பலருக்கும் தெரிந்தது அந்த ஒரு பகுதி மட்டுமே. அதன் நிழலில் மற்ற மூன்றும் கேட்கப்படாமல் போவது இந்தச் சொனாட்டாவுக்கு நேர்ந்த நட்டம்.