செம்முடியர் சங்கத்தில் மோரியார்ட்டி: ஒரு தழுவலின் ஆதாயமும் இழப்பும்

ஆர்தர் கோனன் டாயில் 1891இல் வெளியிட்ட ‘செம்முடியர் சங்கம்’ என்னும் ஷெர்லாக் ஹோம்ஸ் சிறுகதையில் பேராசிரியர் மோரியார்ட்டி இடம்பெறவில்லை. அப்பாத்திரம் வாசகருக்கு அறிமுகமாவது 1893இல் வெளிவந்த ‘இறுதிச் சிக்கல்’ கதையில்தான். ஆயினும், ஜெரமி பிரெட் ஹோம்ஸாக நடிக்க, பிரிட்டனின் கிரனாடா தொலைக்காட்சி 1985இல் ஒளிபரப்பிய தழுவலில் வங்கிக் கொள்ளைத் திட்டத்தின் பின்னணியில் மோரியார்ட்டியே நிற்கிறார்.

தொடரின் அமைப்பே இம்மாற்றத்திற்குக் காரணம் எனலாம். அடுத்து ஒளிபரப்பான பகுதி ‘இறுதிச் சிக்கல்’ ஆகும். மூலத்தில் மோரியார்ட்டி திடீரெனத் தோன்றி, அக்கதையிலேயே அருவியில் வீழ்ந்து மடிகிறார். பகைவரை முன்னரே காட்டியதன்வழித் தழுவல் இக்குறையை ஈடுசெய்கிறது.

எனினும், இழப்பும் சிறிதன்று. கலைக்களஞ்சியத்தைப் படியெடுக்கும் பணிக்கு வாரம் 4 பவுண்டு ஊதியம் தந்து, அடகுக்கடைக்காரரை அன்றாடம் கடையினின்று அப்புறப்படுத்தும் சூழ்ச்சி, மூலத்தில் ஜான் கிளேயின் மதிநுட்பத்திற்குச் சான்று. தழுவலில் அவன் ஏவலாளாகச் சுருங்குகிறான். வேடிக்கையே குற்றத்திற்குத் திரையாவது இக்கதையின் உயிர். பெரும்பகையின் நிழலில் அவ்வேடிக்கை மங்குகிறது என்றே நாம் கருதுகிறோம்.

ஆகவே, இத்தகு தழுவல்களை வகுப்பில் ஒப்பிட்டுக் கற்பிக்கையில், புதிதாகச் சேர்ந்த பாத்திரம் யாருடைய இடத்தைக் கவர்ந்தது என மாணவரை வினவச் செய்தல் பயன்தரும்.